என் கைக்கு ஒரு வக்கீல்

வலது கை முழங்கைக்குக் கீழே இல்லாத மனிதனைப் பார்த்தால் தென்காசிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்படிப் போச்சு?" இரண்டாவது, "கம்பெனிக்காரன் என்ன குடுத்தான்?" முதல் கேள்விக்கு நடந்துகொண்டே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு உட்கார வேண்டும். எனக்கோ உட்காருவது என்றாலே ஆகாது. அதனால் எழுதிவிடுகிறேன். இடது கை எழுத்து, வரிகள் ஏறி இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சண்முகவேல், ஊர் குத்துக்கல்வலசை. எங்கள் வீட்டில் எல்லோரும் நெல்வயலில் நிற்பவர்கள். நாற்றை நட்டுவிட்டு அது வளருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு, செங்கோட்டைப் பாதையில் இருந்த மர மில்லில் சேர்ந்தேன். மலையிலிருந்து வரும் தேக்கை என்ஜின் ரம்பத்தில் கொடுத்துப் பலகையாக அறுக்கும் வேலை. ரம்பத்துக்கு மேலே ஓர் இரும்பு மூடி இருக்க வேண்டும். அது கழன்று மூன்று மாதமாக மூலையில் கிடந்தது. கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆனி மாதச் சாரலில் நனைந்து வந்த கட்டை ஒன்று வழுக்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்தூளுக்குள் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு வலித்தது.

மில் கணக்கர் பிரமநாயகம் அண்ணாச்சி ஓடி வந்து தம் துண்டைக் கிழித்துக் கட்டினார். ஐம்பது வயது, மூன்று பெண்களைப் பெற்றவர், எறும்பை மிதித்துவிட்டால்கூட இரண்டு நாள் வருத்தப்படுகிற ஆள். அதற்குள் மானேஜர் வெளியே வந்தார். என் கையைப் பார்த்தார். மூலையில் கிடந்த மூடியைப் பார்த்தார். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் காயம் எப்படிப் பட்டது என்று அங்கே புத்தகத்தில் எழுதுவார்கள். எழுதினால் விசாரணை வரும்.

"குத்தாலத்துக்குக் கொண்டுட்டுப் போரும்வே. மூலிகைத் தண்ணிதான? நாலு நாள் அருவில காட்டினா ஆறிரும்" என்று அண்ணாச்சியிடம் சொன்னார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த நம்பிக்கை இல்லாதவன் யார்? சொறியா, சிரங்கா, மூட்டுவலியா, புத்தி பேதலிப்பா, எதுவானாலும் அருவிக்குப் போ என்பதுதானே பேச்சு. ஆஸ்பத்திரி என்றால் கத்தி. அருவி என்றால் குளியல். "சரி அண்ணாச்சி, அங்கனயே போவோம்" என்று நான்தான் முதலில் வண்டியில் ஏறினேன்.

ஐந்து நாள் கம்பெனி வண்டியில் போய் வந்தோம். அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்து, ஓரமாக மெல்லிசாக விழும் தண்ணீரில் காயத்தைக் காட்டுவார். நான் கத்துவேன். நான் கத்தக் கத்த அவர் "முருகா, முருகா" என்று அழுவார். பிறகு சூடாக இட்லி வாங்கிப் பிட்டு ஊட்டிவிடுவார். காயத்தில் பச்சிலையை அரைத்துக் கட்டுவார். ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தபோது வந்த நாற்றத்தில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

ஆறாம் நாள் கை வீங்கித் தொங்கியது. மணிக்கட்டிலிருந்து அக்குளை நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. பல் கிட்டுகிற குளிர். என் மனைவி இசக்கியம்மாள் ஒருவரையும் யோசனை கேட்கவில்லை. வாடகை வண்டி பிடித்து என்னைத் தென்காசி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டாள். டாக்டர் "செப்டிக்" என்றார். புண்ணுக்குள் அழுக்கு நுழைந்து, சீழ் பிடித்து, அந்த விஷம் இரத்தத்தில் ஏறுவதுதான் அது. சிவப்புக் கோடு விஷம் ஏறுகிற வழியாம். கீறிச் சீழை எடுத்தார்கள், கார்பாலிக் தண்ணீரில் கழுவினார்கள். நாலு மணிக்கு ஒரு தடவை நாக்குக்கு அடியில் கண்ணாடிக் குழாயை வைத்துக் காய்ச்சலை அளந்து, கட்டில் தலைமாட்டுக் காகிதத்தில் கோடு போட்டார்கள். அந்தக் கோடும் மேலேதான் போயிற்று. மறுநாள் ரயிலில் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள்.

ரயிலில் இசக்கி என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பாவூர்சத்திரத்தில் வண்டி நின்றபோது ஒருத்தி வெள்ளரிக்காய் விற்றாள். எனக்கு அந்தக் காய்ச்சலிலும் வெள்ளரிக்காய் தின்ன ஆசை வந்தது. "முதல்ல உசுரோட வாங்க, ஒரு கொல்லைய வாங்கித் தாரேன்" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது. அவள் எதற்கும் இப்படித் தாராளமாகப் பேசுகிறவள் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கின்மேல் துணிக்கூம்பு ஒன்றை வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். குளோரோபாரம். இனிப்பாக, குமட்டலாக ஒரு வாசனை. எண்ணச் சொன்னார்கள், எட்டு வரை எண்ணினேன். முழித்தபோது முழங்கைக்குக் கீழே துணி உருண்டைதான் இருந்தது.

இல்லாத விரல் அரிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். வெட்டுப்பட்ட நரம்புக்குத் தன் கை போன செய்தி தெரியாதாம், டாக்டர் அப்படித்தான் விளக்கினார். அரிப்பு தாங்காமல் நான் கட்டிலில் புரளுவேன். இசக்கி எழுந்து வந்து, விரிப்பின் மேல் என் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தைத் தன் நகத்தால் சொறிந்துவிடுவாள். சிரிக்காதீர்கள், கொஞ்சம் அடங்கும். பக்கத்துக் கட்டில்காரர்கள் அவளுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். ஊருக்கு வந்தபோது அவள் காதில் கம்மல் இல்லை.

வேலையில் கை போனால் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சர்க்கார் குமாஸ்தா வந்து வாக்குமூலம் எழுதினார். "அருவிக்கு உன்னை யார் கொண்டுபோனது?" என்று கேட்டார். எனக்கு அண்ணாச்சியின் மூன்று பெண்களும் கண்முன் வந்து நின்றார்கள். மானேஜர் அனுப்பினார் என்று சொன்னால், அதற்குச் சாட்சி அண்ணாச்சி. சாட்சி சொன்ன மறுநாள் அவருக்கு மில்லில் இடமிருக்காது. "நானாத்தான் போனேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தை எனக்கு என்ன செய்யும் என்று அப்போது யோசிக்கவில்லை. நான் எதைத்தான் யோசித்துச் செய்தேன்?

உத்தரவு வந்தது. ரம்பத்தில் போனது இரண்டு விரல்தான். மீதிக் கை போனது தொழிலாளி டாக்டரிடம் போகாமல் தன் இஷ்டத்துக்கு அருவியில் நனைத்ததால். ஆகவே இரண்டு விரலுக்கு உண்டானது மட்டும். இரண்டு விரலுக்கு உண்டானதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சாப்பிடலாம். அதற்குப் பிறகு ஒற்றைக் கைக்காரனுக்கு யார் வேலை தருவார்? முழுக் கைக்கும் கிடைத்தால் ஒரு பெட்டிக்கடையாவது போட்டு மிச்சக் காலத்தை ஓட்டலாம். மேல் மனுப் போட்டேன். மறுவருஷம் ஆவணியில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி தென்காசிக்கு வந்து விசாரிப்பார், வக்கீலோடு ஆஜராகவும் என்று தாக்கீது வந்தது.

வக்கீல்! அதற்கு நான் அலைந்த அலைச்சலுக்கு அந்தக் காய்ச்சலே மேல். தென்காசிக் கோயில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த வக்கீல், மாடி கட்டிக்கொண்டிருந்தார். மேலே பார்த்தால் எங்கள் மில் முத்திரை போட்ட உத்தரம். நானே அறுத்ததாகக்கூட இருக்கும். "மரம் இன்னும் பாதி வரணும்பா" என்று அவரே உண்மையைச் சொல்லிவிட்டார். இன்னொருவர் காகிதங்களைப் படித்து, நல்ல கேசு என்று தலையை ஆட்டி, என்னை மறுநாள் வரச் சொன்னார். போனால் அவருடைய குமாஸ்தா வாசலிலேயே காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்தான். "அய்யா கம்பெனி பக்கம் ஆஜராகுதாவ" என்றான். என் கேசை முழுக்கப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்! சவத்துப் பிழைப்பு என்று தெருவில் நின்று கத்தினேன். மற்ற வீடுகளில் எல்லாம் ஒரே பதில்: அய்யா சீசனுக்குக் குற்றாலம் போயிருக்கிறார்.

"அப்ப அருவிக்கே போங்க. ஊரு வக்கீலெல்லாம் அங்கன எண்ணெயத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காவ. எந்தம்பி கையிலதான கெடக்காவ எல்லாரும்" என்றாள் இசக்கி.

அவள் தம்பி மாடசாமி அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். விஷயத்தைச் சொன்னதும் குதித்தான். "அத்தான், எண்ணெ தேய்க்கும்போது எப்பேர்ப்பட்ட மனுசனும் எந்திரிச்சு ஓட மாட்டான். அரை மணி நேரம் எங்கைக்குள்ள கெடப்பான். சொல்ல வேண்டியத அதுக்குள்ள சொல்லிரும்."

கஷ்டம் என்னவென்றால், கோவணத்தோடு எண்ணெயில் மின்னுகிற மனிதர்களில் வக்கீல் யார், வக்கீலுக்குச் சமையல் செய்கிறவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் நாள் தொந்தியும் கண்ணாடியுமாக இருந்த ஒருவரிடம் ரம்பத்தில் ஆரம்பித்துப் பாளையங்கோட்டை வரை சொல்லி முடித்தேன். அவர் உச்சுக் கொட்டி, கண் கலங்கி, "நான் விருதுபட்டியிலே பருத்தி யாவாரம் பாக்குறவன் தம்பி" என்றார். மாடசாமி அவர் முதுகுக்குப் பின்னால் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் சரியான ஆள் கிடைத்தார். மதுரை வக்கீல், ஒல்லியானவர், குப்புறப் படுத்திருந்தார். மாடசாமி முதுகில் கைவைத்ததும் நான் ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"இங்கே நீயா வந்தியா?"

"ஆமா எசமான். நானாத்தான் வந்தேன்."

"ரெண்டு விரல் போய் ரத்தம் சொட்டுறவன் நடந்தா வந்தே?"

"வண்டில எசமான்."

"யார் வண்டி?"

நான் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாடசாமியின் கையும் நின்றுவிட்டது. வக்கீல் எழுந்து உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா வந்திருந்தா உனக்கு ரெண்டு விரல்தான். வேற யாராவது கூட்டிட்டு வந்திருந்தா பேர் வேணும். பேரோட வா, நான் ஆஜராகிறேன், சீசன் முடியிறவரைக்கும் இங்கேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அருவிக்குள் போய்விட்டார்.

அந்த அலைச்சலில் வெட்டின இடத்தில் வலி பிராணனை வாங்கியது. நரம்பின் முனை உள்ளே முண்டாகத் திரண்டிருக்கிறது, அதை எடுக்க வேண்டும் என்று மறுபடியும் தென்காசி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அந்தப் பத்து நாளும் நரகம். வலியைச் சொல்லவில்லை, சும்மா படுத்திருந்ததைச் சொல்கிறேன். தாக்கீதில் இருந்த தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. கூரை ஓடுகளை எண்ணினேன், கட்டிலை எண்ணினேன், கம்பவுண்டர் எத்தனை தடவை இருமுகிறார் என்று எண்ணினேன்.

இசக்கி கஞ்சிச் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஒருநாள் பிடித்துக்கொண்டாள். "வண்டி யாரு வண்டின்னு வக்கீல் கேட்டாராமே, தம்பி சொன்னான். எதுக்கு மறைக்கிய?"

"அண்ணாச்சி பாவம்லா?"

"அவரு பாவம். நான்? நம்ம வீட்டு அடுப்பு? அவரு நல்லவருதான், நான் இல்லைங்கல. ஆனா உங்க கையப் பிடிச்சு அந்தத் தண்ணியில காட்டுனதும் அவருதான!" சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலெல்லாம் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சண்டை போட்டு வெளியே வந்தேன். நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தெரியாமல் அவர் பெயரைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. உள்ளே பெரிய பெண் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதலேன்னு சொல்ல எனக்கு வாய் வரல, சண்முகம். சொல்லுலேன்னு சொல்லவும் தைரியமில்ல" என்றார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். அவர் மனைவி பிசைந்து கொடுத்த சோற்றை இடது கையில் வாங்கித் தின்றுவிட்டு, அங்கிருந்தே குற்றாலத்துக்கு நடந்தேன். வக்கீலிடம் பெயரைச் சொன்னேன்.

விசாரணை நாளில் தாலுகாக் கச்சேரி அறையில் கம்பெனி பக்கம் மானேஜரும், என் காகிதங்களைப் படித்த அந்த வக்கீலும். அண்ணாச்சியை அவர்களே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சண்முகவேல் தானாகத்தான் போனான் என்று சொல்லச் சொல்லித் தயார் பண்ணியிருந்தார்கள் போலிருக்கிறது. என்னால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. அதிகாரி இரண்டு தடவை உட்காரச் சொன்னார். மூன்றாம் தடவை இசக்கி என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

மதுரை வக்கீல் எழுந்து, "இவரை அருவிக்குக் கூட்டிட்டுப் போனது யார்?" என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

அண்ணாச்சி மானேஜரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "நான்தான். மானேசர் சொன்னாரு. கம்பெனி வண்டி" என்றார்.

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். "சரி ஓய். நீர் கூப்பிட்டா இவனுக்கு எங்க போச்சு புத்தி? அருவி வைத்தியத்துக்கு இவனும் சம்மதிச்சுத்தானே வந்தான்? ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு ஒரு தடவையாவது கேட்டானா?"

எனக்கு உயிரே போயிற்று. நான் கேட்கவில்லையே! நான்தானே முதலில் வண்டியில் ஏறினேன்! அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டான் எசமான். மூணு தடவ கேட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, கொண்டு போங்கன்னு காலப் பிடிச்சான். நான்தான் கொண்டு போகல" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து, இல்லை, அது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாழிகை சும்மா இருக்கத் தெரியாத நான், அன்று கல்லாக உட்கார்ந்திருந்தேன். இசக்கிக்கும் தெரியும், அவள் கை என் வேட்டியை விடவே இல்லை.

முழுக் கைக்கும் தீர்ப்பாயிற்று. அண்ணாச்சியை மறுநாள் மில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஓடினேன். "ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னிய? நான் கேக்கவே இல்லையே" என்றேன்.

"உள்ளதச் சொன்னா உனக்குப் பாதிதாம்லே கெடைக்கும்" என்றார். "தண்ணில காட்டும்போது நீ கத்துன கத்து இன்னும் என் காதுல கேக்குது. அது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு சொன்ன மாதிரிதான."

இப்போது குத்துக்கல்வலசையில் என் பெட்டிக்கடை ஓடுகிறது. அண்ணாச்சி வீட்டில் பெரிய பெண்ணின் கல்யாணம் நின்றுபோயிற்று. சாட்சி சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கியது செல்லுமா என்று கேட்க இந்தச் சீசனில் மறுபடியும் குற்றாலத்துக்குப் போனேன். மதுரை வக்கீல் அதே இடத்தில் குப்புறப் படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"எடுத்து நடத்திப் பாக்கலாம். ஆனா அவங்க முதல்லே அவர் சாட்சியத்தைத்தான் பிடிப்பாங்க. பொய் சொன்ன கணக்கனை எப்படி வெச்சுக்கிறதுன்னு கேப்பாங்க" என்றார். பிறகு கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். "அன்னைக்கு அவர் சொன்னது நிஜம்தானே? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி நீ கேட்டியா?"

"கேட்டேன் எசமான்," என்றேன். "மூணு தடவ கேட்டேன்."